எலியேசர் சொன்னது

பம்மல்
12.8.1988

அமலராணி அம்மாவுக்கு,

பம்மலில் இருந்து கனகவல்லி எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கணக்கு எழுதிய தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த துரையின் பெண்சாதி. மத்தியானம் சோற்றுத் தூக்கோடு கேட்டில் நிற்பேன், நீங்கள் ஆபீஸ் ஜன்னலில் இருந்து தலையை ஆட்டுவீர்கள். பொழிச்சலூரில் உங்கள் அப்பாவிடம் போய்த்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். உங்களுக்குக் கல்யாணமாகிப் பொன்மலைக்குப் போய்விட்டதும் அவர் சொல்லித்தான் தெரியும். முதலில் விலாசம் தரமாட்டேன் என்றார். வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன், பிறகு தந்தார்.

நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள்தான் கண்ணால் பார்த்தவர். மார்ச் மாதம் என் புருஷன் ஆபீஸ் அறைக்குள் வந்து, கையில் இருந்த தோல் புரட்டும் கட்டையால் சூப்பர்வைசர் எலியேசரை ஓர் அடி அடித்தார். அந்த ஆள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். என் புருஷன் எங்கேயும் ஓடவில்லை. போலீஸ் வருகிறவரை அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தாராம்.

தாம்பரத்தில் வேதசிரோமணி என்று ஒரு வக்கீல். அவர்தான் கேஸ் பார்க்கிறார். சும்மா அடித்துக் கொன்றதாக இருந்தால் ஆயுள் தண்டனையாம். எந்த மனுஷனும் தாங்க முடியாத பேச்சைக் கேட்டு அந்த நொடியில் கை ஓங்கியதாக இருந்தால் அது வேறு கேஸாம், சில வருஷத்தோடு போகுமாம். ஆனால் அந்தப் பேச்சு என்ன என்று ஒருவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அறையில் இருந்தது மூன்று பேர். ஒருவர் செத்துவிட்டார். ஒருவர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். மிச்சம் நீங்கள்.

எலியேசர் என்ன சொன்னார் அம்மா? அதை மட்டும் எழுதுங்கள்.

கனகவல்லி


பொன்மலை, திருச்சி
25.8.1988

சகோதரி கனகவல்லிக்கு,

ஆண்டவர் உங்களையும் குழந்தையையும் தமது கரத்தில் வைத்துக் காப்பாராக. உங்கள் கடிதத்தை என் மாமியார்தான் தபால்காரரிடம் வாங்கிப் பிரித்தார்கள். யார் இந்தக் கனகவல்லி, கொலைக் கேஸ் எதற்கு நம் வீட்டு வாசலுக்கு வருகிறது என்று கேட்டார்கள். என் கணவர் ரயில்வே பட்டறையில் இருந்து வந்ததும் அவரிடமும் சொன்னார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்ததைப் போலீசாரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். திரு. எலியேசர் கெட்ட வார்த்தையில் திட்டினார், துரை ஆத்திரப்பட்டு அடித்துவிட்டார். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பேச்சு ஒரு பெண் வாயில் எடுக்கக்கூடியது அல்ல. காகிதத்தில் எழுதவும் கூடாது. அடுத்தவர் பேசிய அசிங்கமாகவே இருந்தாலும், எடுத்துச் சொல்கிற வாயிலும் அது பட்டுவிட்டுத்தான் போகிறது. அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள்.

இறந்தவருக்காகவும் துரைக்காகவும் சேர்த்து ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். இனி எழுதாமல் இருப்பது நல்லது. அப்படியும் எழுதுவதானால், கீழே குறித்திருக்கிற அருள்மேரி அக்காவின் முகவரிக்கு எழுதுங்கள். பக்கத்து வீடுதான்.

அமலராணி


பம்மல்
9.9.1988

அமலராணி அம்மாவுக்கு,

பூசை வைத்தது சந்தோஷம். அடித்தவருக்கும் செத்தவருக்கும் ஒரே பூசை, செலவு மிச்சம்.

கெட்ட வார்த்தை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கெட்ட வார்த்தை? நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடிப்பதற்குள் என் அம்மாவையும் அவளைப் பெற்றவளையும் நாலு பேர் இழுத்துவிடுவார்கள், நானும் திருப்பி இழுப்பேன், சாயங்காலம் அவர்களிடமே போய்ப் புளி கடன் கேட்பேன். என் புருஷனும் வாய் சுத்தமான ஆள் இல்லை. கெட்ட வார்த்தைக்கெல்லாம் கட்டையைத் தூக்குவது என்றால் பம்மலில் ஆளே மிஞ்சாது. வக்கீலும் அதையேதான் சொல்கிறார். “கெட்ட வார்த்தைன்னு மட்டும் இருந்தா ஜட்ஜ் என்னம்மா நினைப்பாரு? தோல் ஷாப்புல தினம் பேசற பேச்சுதானே, அதுக்கா ஒரு உசிரு போச்சுன்னு கேப்பாரு.”

போன வாரம் ஜெயிலுக்கு என் புருஷனைப் பார்க்கப் போனேன். “இன்னாய்யா சொன்னான் அந்தாளு?” என்று கேட்டேன்.

“வுட்டுடு.”

“ஆயுசு பூரா உள்ளயே கெடப்பியா?”

“கெடக்கறேன். நீ வுட்டுடு.”

செத்தாலும் பெண்டாட்டி காதில் இது விழக்கூடாது என்று ஒரு மனுஷன் நினைக்கிறார் என்றால் அது என்ன பேச்சாக இருக்கும்? எனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து எலியேசர் வாயில் வைத்துப் பார்க்கிறேன். எனக்குக் கொஞ்ச வார்த்தையா தெரியும்? எதுவும் பொருந்த மாட்டேன் என்கிறது. நீங்கள் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் தினமும் முகர்ந்துகொண்டு இருக்கிறேன்.

கனகவல்லி


பொன்மலை
2.10.1988

சகோதரி கனகவல்லிக்கு,

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கோபம்தான் வரும்.

போலீசில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் ஏட்டு ஒருவர் எங்கள் பொழிச்சலூர் வீட்டுக்கே வந்தார். பெரிய மனதோடுதான் வந்தார், ஸ்டேஷனுக்கு என்னை அலைய வைக்கவில்லை. அப்பா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். ஏட்டு எழுதிக்கொண்டே வந்து, “அப்புறம் எலியேசர் என்னம்மா சொன்னாரு?” என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவரே பேனாவை நிறுத்திவிட்டு, “கெட்ட வார்த்தைதானே? விடும்மா, அதெல்லாம் உங்க வாயால எதுக்கு? அசிங்கமான வார்த்தைகளால் திட்டினார்னு போட்டுக்கறேன்” என்றார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார். நானும் சொன்னேன்.

எல்லோரும் என் மேல் இருந்த மரியாதையால்தான் செய்தார்கள். அது இப்படி ஒருவர் தலையில் விடியும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அது வெறும் வசவு இல்லை. அது உங்களைப் பற்றியது. உங்களைப் பற்றி மட்டும்கூட இல்லை. அதனால்தான் துரை சொல்ல மறுக்கிறார், அதனால்தான் நானும் எழுதத் தயங்குகிறேன். கோர்ட்டில் சொன்னால் அங்கே நிற்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். தயவுசெய்து யோசியுங்கள்.

அமலராணி


பம்மல்
11.10.1988

அமலராணி அம்மாவுக்கு,

யோசித்துவிட்டேன். எழுதுங்கள்.

கனகவல்லி


பொன்மலை
14.1.1989

சகோதரி கனகவல்லிக்கு,

மூன்று மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று வீட்டில் எல்லோரும் ஓர் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் இருந்துவிட்டேன்.

அன்று துரை லீவு கேட்க வந்தார். உங்கள் மகள் நாயகிக்கு அம்மை போட்டிருந்தது, அன்றைக்குத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். தொட்டியில் இருந்து நேராக வந்ததால் கட்டை கையிலேயே இருந்தது. அவர் கோபமாக வரவில்லை. சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

“எதுக்குடா லீவு?” என்று திரு. எலியேசர் கேட்டார்.

“பொண்ணுக்கு இன்னிக்கு தண்ணி ஊத்தறாங்க சார்” என்று துரை சொன்னார்.

“அது உனுக்குப் பொறந்ததாடா?” என்று திரு. எலியேசர் சொன்னார்.

“உம் பொண்டாட்டி அந்த ........யைக் கேளு, கேட்டாண்ட நின்னு எத்தினி பேருக்கு சோறு போட்டா, எத்தினி பேருக்கு பாய் போட்டான்னு சொல்லுவா” என்று திரு. எலியேசர் சொன்னார்.

“அந்தக் கொயந்த மூஞ்சியப் பாரு, என் ஜாடை கீதா இல்லையான்னு” என்று திரு. எலியேசர் சொன்னார்.

அவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் யார் சொன்னார் என்று போட்டிருக்கிறேன். இந்தக் காகிதம் யார் கையிலாவது கிடைத்தால் நான் சொன்னதாக நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு சொல்லுக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். அதை என்னால் முடியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள். படித்ததும் எரித்துவிடுங்கள்.

அமலராணி


பம்மல்
20.2.1989

அமலராணி அம்மாவுக்கு,

படித்தேன். எரித்தேன். கைக்கு வேலை வேண்டும் என்று தையல் மெஷினில் உட்கார்ந்து கையுறை தைத்தேன். நான் இப்போது தாம்பரம் சானட்டோரியம் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கையுறை தைத்துக் கொடுக்கிறேன். இடது கைகளாகவே தைத்து வைத்திருந்தேன், அடுத்த நாள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தண்ணீர் ஊற்றுகிற அன்று, வேப்பிலைத் தண்ணீரை வெயிலில் வைத்து, நாயகியைப் பலகையில் உட்கார வைத்து, அப்பா வரட்டும் என்று காத்திருந்தோம். தண்ணீர் வெயிலில் சூடாகி, வெயில் போய் மறுபடியும் ஆறியது. அவர் வரவில்லை என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு கோபம். அவரைத் திட்டிக்கொண்டேதான் ஊற்றினேன்.

அந்த ஆள் சொன்னது பொய். உங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு நாள் கேட்டில் வைத்து எலியேசர் என் கையைப் பிடித்தார். தூக்கில் இருந்த ரசத்தை அவர் சட்டையில் கொட்டிவிட்டு வந்துவிட்டேன். நல்ல கொதிக்கிற ரசம். வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் என் புருஷனுக்கு வேலை போகும், இல்லாவிட்டால் அன்றைக்கே அடிதடி நடக்கும் என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தும் நடந்துதான் விட்டது.

என் அம்மாவிடம் கேட்டேன். “வேணாண்டி கனகா. இன்னிக்கு அவன் ஒருத்தன் காதோட கீது. கோர்ட்டுல சொன்னா ஊரே கேக்கும். பொட்டப் புள்ள கீது” என்றாள். இந்தப் பக்கம் அவர் ஆயுள், அந்தப் பக்கம் நாயகியின் பெயர். எதை எடுத்தாலும் இன்னொன்று போகிறது. நாயகிக்கு அப்பா வேண்டும். பெயரை நான் பார்த்துக்கொள்கிறேன், குழாயடியில் என் வாயை ஜெயித்தவள் இதுவரை இல்லை.

கூண்டில் ஏறி முழுக்கச் சொல்லுங்கள். விழுங்காதீர்கள். அந்தப் புள்ளி வைத்த சொல்லையும் சொல்லுங்கள். அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லப்பட்ட சொல், உங்களுக்கு அதில் என்ன கூச்சம்?

கனகவல்லி


பொன்மலை
6.11.1989

அன்புள்ள கனகவல்லிக்கு,

தீர்ப்பு வந்த செய்தியை வக்கீல் எழுதியிருந்தார். ஏழு வருஷம். ஆயுள் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததைக் கழித்து, நன்னடத்தையும் சேர்ந்தால் சீக்கிரமே வந்துவிடுவார் என்கிறார். படித்துவிட்டு முழங்காலில் நின்று அழுதேன்.

செங்கல்பட்டு கோர்ட்டில் அன்று உங்களோடு பேச முடியவில்லை. அப்பா என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதமாக அவர் என்னோடு பேசுவதில்லை. என் கணவரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டேன். சொல் என்ன என்று மட்டும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் எப்படித் தயாரானேன் தெரியுமா? சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். முதலில் பாதியிலேயே குழாயை மூடிவிடுவேன். பிறகு பழகிவிட்டது. கூண்டில் திக்கினால் பொய் என்று நினைப்பார்களே என்று பயம். அரசாங்க வக்கீல் விடவில்லை. “போலீஸ்ல ஏம்மா இதைச் சொல்லலை? இப்ப யார் சொல்லிக் குடுத்தாங்க?” என்றார். “கேட்டவர் ஆம்பளை, பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்” என்றேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அவர்களை அதட்டிவிட்டு, டைப் அடிக்கிறவருக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. துரை தலையைத் தூக்கி என்னையே பார்த்தார். நீங்கள் நாயகியின் தலையை மடியில் அழுத்திக் காதை மூடிக்கொண்டிருந்தீர்கள்.

தீர்ப்பில் என்னைப் பற்றி நீதிபதி எழுதியிருக்கிறாராம். கௌரவமான குடும்பத்துப் பெண், இப்படிப்பட்ட சொற்களைக் கற்பனை செய்யக்கூடியவர் அல்ல, இவர் வாக்கை முழுமையாக நம்பலாம் என்று. எனக்கு அது போதும். செய்ய வேண்டியதைத் தாமதமாகவாவது செய்தேன் என்று மனம் லேசாக இருக்கிறது. இனி நீங்கள் என்னை அக்கா என்றே கூப்பிடலாம்.

அமலராணி


பம்மல்
28.12.1989

அமலராணி அம்மாவுக்கு,

நீங்கள் வந்து சொல்லாவிட்டால் அவருக்கு ஆயுள்தான். இதை நான் மறக்கமாட்டேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அம்மா சொன்னபடியே ஊர் கேட்டுவிட்டது. ‘எலியேசர் இப்படிச் சொன்னானாம், கிளார்க்கம்மா கோர்ட்டுல சொன்னாங்க’ என்று முதலில் பேசினார்கள். பிறகு எலியேசர் அதில் இருந்து கழன்றுவிட்டார். ‘கிளார்க்கம்மாவே சொன்னாங்களாமே’ என்றார்கள். இப்போது நீங்களும் கழன்றுவிட்டீர்கள். சொல் மட்டும் நிற்கிறது. நாயகி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து அதற்கு அர்த்தம் கேட்டாள். குழாயடியில் நான் யார் தலைமுடியையும் பிடித்துவிடுவேன், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய் என்ன செய்ய? இதையெல்லாம் நான் எதிர்பார்த்துத்தான் உங்களைச் சொல்லச் சொன்னேன். இதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை.

அவரை வேலூருக்கு மாற்றிவிட்டார்கள். முதல் தடவை நாயகியைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். திரும்பி நில்லு என்றார், அவள் நின்றாள். “காது யாரு மாரி கீது?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. உன் அம்மா மாதிரி என்றேன்.

போன வாரம் தனியாகப் போனேன். அப்போதுதான் கேட்டார். “கனகா, கோச்சிக்காத. அது நெசமா?”

“எதுய்யா?”

“அந்தம்மா சொன்னது.”

“அந்தம்மா எங்கய்யா சொன்னாங்க? அவன் சொன்னதத்தான எடுத்துச் சொன்னாங்க.”

“தெரியும். தெரியாமயா கீறேன். அவன் சொன்னப்போ நாய் கொரைக்கிதுன்னு தெரிஞ்சிது, அடிச்சேன். அந்தம்மா சத்தியம் பண்ணிட்டு, கோயில்ல படிக்கிற மாரி ஒண்ணொண்ணா நிறுத்தி சொல்லிச்சி. அந்த வாய்ல பொய் வராதுன்னு ஜட்ஜே எழுதிகீறாரு. அப்பலேந்து அவன் கொரல்ல எனுக்குக் கேக்கல. அந்தம்மா கொரல்லதான் கேக்குது.” பிறகு, “ஒண்ணும் இல்லாமயா அவன் உன் பேர இழுத்தான்?” என்றார்.

அதனால் கேட்டில் கையைப் பிடித்ததையும் ரசம் ஊற்றியதையும் சொன்னேன். நடந்ததைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். “இத்த ஏன் அப்பவே சொல்லல?” என்று கேட்டார். நான் சொன்ன பதிலை உங்களுக்கு எழுதியிருக்கிறேன், அதையேதான் அவரிடமும் சொன்னேன். சரி என்றார். ஆனால் சரி என்று நினைத்துச் சொன்ன சரி இல்லை அது. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

எந்தச் சொல்லைப் பொய் என்று நம்பி ஒரு மனுஷனைக் கொன்றாரோ, அந்தச் சொல்லை மெய்யோ என்று கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் திக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. திக்கியிருந்தால் ஆயுள். இரண்டும் எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கோபப்படவும் முடியவில்லை, அக்கா என்று எழுதவும் கை வரவில்லை.

மணி அடித்து எல்லோரையும் போகச் சொன்னார்கள். மார்கழிக் குளிர், நான் அவருடைய பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன். அடுத்த தடவை நாயகியை அழைத்து வர வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். வெயிலில் குழந்தை தாங்காது என்றார்.

கனகவல்லி